ஆறு பத்துக்குத் திரும்பும் படகு

முல்லைத்தீவு
01.03.2025

அன்புள்ள தம்பி யூட்சனுக்கு,

நானும் மகள் கம்சாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்கு அந்த இருமல் விட்டதா? போனில் பத்துத் தரம் எடுத்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

நேற்றுக் காலை நிரோஜன் ஓடிவந்து போனை நீட்டினான். படகுகள் எங்கே நிற்கின்றன என்று பார்க்க மீனவர் சங்கம் எல்லாருக்கும் போட்டுத் தந்த வரைபடம். "அக்கா, இருந்துகொண்டு பாருங்கோ. வின்சன் அண்ணையின்ர போட் ஓடுது" என்றான்.

பார்த்தேன். பச்சைப் புள்ளி. பக்கத்தில் உன் அத்தானுடைய படகு இலக்கம். பெப்ரவரி 11ஆம் திகதி தனியாகப் போன மனுசன். ஆறு படகுகள் தெற்குப் பக்கமெல்லாம் ஐந்து நாள் தேடின. ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இப்போது அவருடைய படகு வடக்கே, எல்லைப் பக்கம், ஆறுதலாகப் போய்க்கொண்டிருக்கிறது. இருபதாம் திகதியிலிருந்தே ஓடுகிறதாம். என்னிடம் சொல்லப் பயந்துபோய் இருந்திருக்கிறார்கள்.

நிரோஜனுக்குப் பகிடி விடாமல் இருக்க முடியாது. "எண்ணெய் இல்லாமலே ஓடுறார், அந்த வித்தையை எங்களுக்கும் சொல்லித் தரச் சொல்லுங்கோ" என்றான். அவன் மனுசி டிலுசா அவன் முதுகில் ஒன்று போட்டாள். எனக்கு இரண்டுமே விளங்கவில்லை.

படகுகளில் பொருத்திய அந்தப் பெட்டிகளின் சிக்னல் வந்து சேரும் இடத்தில்தானே உனக்கு வேலை. சொல்லு, இது என்ன? 13ஆம் திகதி முப்பத்தோராம் நாள் பூசை. "வைக்கிறதோ விடுறதோ, பிள்ளை?" என்று பங்குச் சுவாமி என்னைக் கேட்கிறார். காணாமல் போன அன்றைக்கு நீ வேலையில் இருந்தாயா? ஏதாவது கண்டாயா?

மாதா உனக்குத் துணை.
அக்கா யூலிற்றா

*

கொழும்பு
08.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டது. நீங்கள் இரண்டு பேரும் சுகமென்று அறிந்ததில் ஆறுதல்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அது அத்தான் இல்லை.

அத்தானுடைய பெட்டி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அங்கிருந்து அதனால் பேச முடியாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு இலக்கமும் ஒரு இரகசியச் சொல்லும் உண்டு. எங்கள் நிலையத்தின் கணினிக்குள் ஆரோ புகுந்து இரண்டையும் களவெடுத்துவிட்டார்கள். எந்த நாடு என்றே தெரியாத ஒரு அறையில் ஒருவன் கதிரையில் இருந்துகொண்டு அத்தானின் பெயரில் பேசுகிறான். இப்படிப் பதினான்கு படகுகள். எல்லாம் எங்கள் கரைப் படகுகள். மற்றப் பதின்மூன்றும் பெட்டி பழுதாகி மணலில் இழுத்துவைத்தவை. நீங்களே போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

இதிலுள்ள ஆபத்து வேறு. எங்கள் திரையில் தெரிவது அக்கரை நாட்டின் திரையிலும் தெரியும். எல்லை தாண்டும் படகை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கவேண்டும் என்று செய்துகொண்ட ஒப்பந்தம். இப்போது எங்கள் பதினான்கு படகுகள் நாள்தோறும் அவர்களுடைய கடலுக்குள் போய் வருகின்றன. முன்னுக்குப் போவது அத்தானின் படகு. போன கிழமை அவர்களுடைய போர்க்கப்பல் ஒன்று அந்த இடத்துக்கே போய் நின்றது. கடலில் ஒன்றுமில்லை. திரையில் மட்டும் புள்ளி நேராக வந்து, கப்பலுக்குள் புகுந்து, மற்றப் பக்கத்தால் வெளியேறிப் போனது. மோதப்போகிறது என்று ஒரு மாலுமி கம்பியை இறுக்கிப் பிடித்தானாம்.

போனில் இதைக் கதைக்கவேண்டாம். எங்கள் போன்களை வாசலில் வாங்கி வைக்கிறார்கள். திருப்பித் தந்த பிறகும் ஆர் கேட்கிறார்கள் என்று தெரியாது. எழுதுங்கள். கடதாசிக்குள் எவனும் புக முடியாது.

பூசையைச் செய்யுங்கள். தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

கம்சாவுக்கு என் முத்தங்கள்.
யூட்சன்

*

முல்லைத்தீவு
14.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன். கம்சாவுக்கு ஒரு பல் விழுந்துவிட்டது.

பூசை வைக்கவில்லை.

நீ படித்தவன், நீ சொல்வது சரியாக இருக்கும். ஆனால் நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விடியலும் ஆறு பத்துக்கு அந்தப் புள்ளி நிற்கிறது. நின்று அரை வட்டம் போடுகிறது. பிறகுதான் போகிறது.

நீ சின்ன வயதிலேயே விடுதிக்குப் படிக்கப் போனவன், மறந்திருப்பாய். எங்கள் கரை ஆட்கள் வலைக்குப் போகும்போது, கோயில் கோபுரம் பனை உயரத்துக்குத் தெரியும் இடத்தில் எஞ்சினைத் தணித்து, படகின் முன் அணியத்தை மாதா பக்கம் திருப்பி, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிவிட்டுத்தான் கடலுக்கு முகம் கொடுப்பார்கள். உன் அத்தான் இரண்டு சொல்வார். கம்சா பிறந்த நாளிலிருந்து இரண்டு. மற்றவர்கள் "வின்சன் மாதாவோட கதைச்சு முடியேல்லை, நாங்கள் போவம்" என்று பகிடி பண்ணுவார்கள்.

அந்தப் புள்ளி மற்றப் புள்ளிகளைவிட இரண்டு மடங்கு நேரம் நிற்கிறது, தம்பி. நானும் கம்சாவும் போனைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தோம். இரண்டாவது முடிய, அது அசைந்தது.

ஓம், அந்த இடத்தில் கோயில் இல்லை. நாலு பக்கமும் கடல். எங்கே நிற்கிறேன் என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் எங்கே நின்றாலும் அந்த மனுசன் திரும்பும். கள்ளனுக்கு மாதாவைத் தெரியுமா?

போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. 11ஆம் திகதி வேலையில் இருந்தாயா?

அன்புடன்
அக்கா

*

கொழும்பு
22.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல்லைப் பற்றிக் கேட்டுச் சிரித்தேன். நித்திரை மட்டும் இல்லை.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். இங்கே முப்பது பொறியியலாளர்கள் ஒரு மாதமாகக் காணாததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள்.

படகில் பெட்டி பூட்டியது போன செப்டெம்பரில். அன்றிலிருந்து அத்தான் ஓடிய ஓட்டமெல்லாம் எங்களிடம் பதிவாகி இருந்தது. களவெடுத்தவர்கள் அதையும் கொண்டுபோயிருக்கிறார்கள். புதிதாக ஒன்றும் அவர்கள் செய்யவில்லை. அத்தானுடைய பழைய ஓட்டங்களை அப்படியே எடுத்து, முப்பத்தைந்து கடல் மைல் வடக்கே தள்ளிவைத்து, நாளுக்கு ஒன்றாகத் திரும்ப ஓட விடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்தேன். நேற்று நீங்கள் பார்த்தது அக்டோபர் 29ஆம் திகதி அத்தான் போன பயணம். நின்றது ஐம்பது செக்கன். மற்றவர்கள் இருபத்தைந்து.

ஆகவே நீங்கள் பார்ப்பது அவரைத்தான். நடந்து முடிந்த அவரை.

இது முக்கியமான ஆதாரம். படகு உண்மையில் அங்கே நின்றால் இல்லாத கோயிலுக்கு அணியத்தைத் திருப்பாது. ஆனால் மேலிடம் அசையவில்லை. புகுந்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டால் கடற்படைத் திரையையும் நம்ப முடியாது என்றாகிவிடும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். அக்கரையில் இருப்பவர்களோ, தாங்கள் எத்தனை கப்பலை எவ்வளவு நேரத்தில் அனுப்புகிறார்கள் என்று வேவு பார்க்க எங்கள் பக்கமே இதைச் செய்கிறது என்கிறார்கள். இரண்டு பக்கமும் எல்லையில் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். செய்தவன் மூன்றாவது ஆள். அவன் எங்கேயோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பதின்மூன்று படகுக்காரரையும் கூப்பிட்டு ஆளைக் காட்டலாம். அத்தானைக் காட்ட முடியாது. "முன்னுக்குப் போகிறவன்தான் வழிகாட்டி, அவன் காணாமல் போகவில்லை, ஒளித்திருக்கிறான், ஆளைக் காட்டுங்கள் அல்லது செத்த கடதாசியைக் காட்டுங்கள்" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். இரண்டு பந்தி. ஒன்று, கோயிலுக்குத் திரும்பும் வழக்கம். மற்றது, என் கணவர் 11.02.2025 அன்று கடலில் இறந்துவிட்டார் என்பது. நீங்கள் மட்டும்தான் கையெழுத்து வைக்கலாம். சுணங்கவேண்டாம்.

யூட்சன்

*

முல்லைத்தீவு
02.04.2025

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ கேட்ட கடதாசியில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

இந்த ஊரில் அப்படி எத்தனை கடதாசியை எத்தனை பேரிடம் நீட்டினார்கள். எங்கள் அம்மா, யுத்தத்தில் காணாமல் போன அண்ணனுக்காக வைக்காத கையெழுத்து அது. நீட்டிய ஆளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, பேனையைத் திருப்பிக் கொடுத்தா. நீயும் பக்கத்தில் நின்றாய். இப்போது நீட்டுகிறவன் என் தம்பி.

29ஆம் திகதி நிரோஜனுடைய வலை நீரோட்டத்தில் வடக்கே இழுபட்டு, அவனும் பின்னால் போயிருக்கிறான். எல்லையில் அவர்களுடைய கப்பல் பிடித்துவிட்டது. மற்ற நேரமென்றால் இரண்டு கிழமையில் விடுவார்கள். இப்போது வேவுக்காரன் என்று வழக்காம். ஏழு வருடமோ பத்து வருடமோ என்கிறார்கள். அவன் பகிடி அங்கே ஆருக்கு விளங்கப்போகிறது.

டிலுசா வந்து என் குசினியில் நிலத்தில் குந்திவிட்டாள். "அக்கா, நீங்கள் கையெழுத்து வைச்சால் என்ர மனுசன் வருவாராம். உண்மையே?" என்றாள். சங்கத்தில் ஆரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்ர மனுசன் வரமாட்டார் எண்டு நான் எழுதினால்தான் உன்ர மனுசன் வருவார் எண்டால், அது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டேன்.

"உங்கட மனுசன் வரமாட்டார் எண்டு உங்களுக்குத் தெரியும் அக்கா" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். பிறகு அடுப்பில் கிடந்த பானையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் தரமாகக் கேட்கிறேன். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?

அக்கா

*

கொழும்பு
09.04.2025

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். பரவாயில்லை.

நானும் கோபமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அத்தானின் கை இல்லை. ஒரு கள்ளன் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கையை நீட்டுகிறான். அம்மா கையெழுத்து வைக்காதது வேறு. அங்கே அண்ணனுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இங்கே கடல் சொல்லிவிட்டது. உயிரோடு இருக்கும் நிரோஜனை நீங்கள் அக்கரைச் சிறையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நேற்று எங்கள் கடற்படை இரண்டு கப்பல் கூட்டியது. அவர்கள் மூன்று. இல்லாத படகை நோக்கி எச்சரிக்கைக்குச் சுட்டிருக்கிறார்கள். சன்னம் விழுந்த இடத்துக்கு ஊடாகப் புள்ளி ஒரு சலனமும் இல்லாமல் போனது. அடுத்த சன்னம் ஓர் உண்மையான படகில் விழுந்தால் பிறகு எவராலும் நிறுத்த முடியாது.

பதிவில் இருந்த அத்தானின் பயணம் மொத்தம் அறுபத்து நாலு. பெப்ரவரி 20இல் தொடங்கினார்கள். ஏப்ரல் 24ஆம் திகதி முடியும். அன்று ஓடப்போவது அறுபத்து நாலாவது. அதற்குப் பிறகு அவர்களிடம் ஓட விட எதுவும் இல்லை. நீங்கள் பார்க்கவும் எதுவும் இராது.

அதற்கு முதல் கையெழுத்து வையுங்கள்.

யூட்சன்

*

முல்லைத்தீவு
17.04.2025

தம்பிக்கு,

இன்று பெரிய வியாழன். கோயிலால் வந்து எழுதுகிறேன். கம்சாவுக்கு இலேசாகக் காய்ச்சல், பயமில்லை.

அறுபத்து நாலாவது என்று எழுதியிருந்தாய். விரல் விட்டுப் பார்த்தேன். அது அவர் கடைசியாகப் போன பயணம். பெப்ரவரி 11.

அப்படியென்றால் அது எங்கே போய் நின்றது என்று அன்றைக்குத் தெரியும். இல்லையா? எங்கள் போனில் புள்ளி மட்டும்தான் தெரியும். உன் திரையில் எல்லாம் தெரியும்.

நீ இருந்து பார். காலையிலிருந்து முடியும்வரை எழும்பாமல் பார். பார்த்ததில் ஒன்றையும் விடாமல் எனக்கு எழுது. அதை வாசித்துவிட்டுக் கையெழுத்தைப் பற்றிக் கதைப்போம்.

ஆண்டவர் உன் கண்ணைத் திடப்படுத்தட்டும்.
அக்கா

*

கொழும்பு
24.04.2025

அக்கா,

காலை ஐந்தே முக்காலிலிருந்து பார்த்தேன். திரையில் வந்த இடங்களிலிருந்து முப்பத்தைந்து மைலைக் கழித்து எழுதுகிறேன். இவை உண்மையான இடங்கள்.

6.10. கோயிலுக்கு நேரே நின்றார். ஐம்பது செக்கன். திரும்பிப் போனார்.

7.25. வலை விட்டார். மெல்ல நகர்ந்தார். பத்து மணிக்கு வலையை எடுத்துவிட்டு, வடகிழக்கே இன்னும் ஆறு மைல் போனார். அங்கே அவர் முன்னொரு நாளும் போனதில்லை. மீன் கிடைத்திருக்காது.

பிற்பகல் 2.50க்கு எஞ்சின் நின்றது. புள்ளி அலையோடு ஆடியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பொடியன் எழும்பி வெளியே போனான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, இருக்கப் பிடிக்கவில்லை என்றான்.

3.47க்குப் புள்ளி சிவப்பானது. ஆபத்துப் பொத்தான். அறையில் மணி அடித்தது. முல்லைத்தீவிலிருந்து வடகிழக்கே பதினெட்டு மைல். 3.58க்கு இரண்டாம் தரம். 4.09. 4.20. கடைசி 4.28. நாற்பத்தொரு நிமிடம் பொத்தானை அமத்தியிருக்கிறார். கடற்படையின் வேகப்படகு அந்த இடத்துக்கு முப்பத்தைந்து நிமிடத்தில் போகும். நீங்கள் தேடியது தெற்கே.

4.31க்குப் புள்ளி இல்லை.

நீங்கள் மூன்று தரம் கேட்டீர்கள். 11ஆம் திகதி பிற்பகல் அந்தத் திரைக்கு முன்னால் இருந்தது நான்.

அன்று மூன்று மணியிலிருந்து ஆபத்து மணி வந்துகொண்டே இருந்தது. இருநூறுக்கு மேல். மலையில் படகு, கொழும்பு நகரத்துக்குள் படகு என்று எல்லாம் பொய். அவர்கள் முதன்முதல் புகுந்த நாள் அது. ஒவ்வொன்றையும் வானொலியில் கூப்பிட்டுச் சரிபார்க்கவேண்டும் என்பதுதான் விதி. பன்னிரண்டைக் கூப்பிட்டேன். எல்லாம் பொய். பிறகு எனக்கு எரிச்சல் வந்தது. எல்லா மணியையும் ஒரே அமத்தில் அடக்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.

அன்றைய ஓட்டப் பதிவையும் மணிப் பட்டியலையும் அவர்கள் அழித்துவிட்டார்கள்; பயணக் கணக்கு மட்டும்தான் எங்களிடம் மிஞ்சியது. அடக்கும்போது கண்ணில் பட்ட ஓர் இலக்கத்தின் கடைசி இரண்டு எண் மட்டும் எனக்கு ஞாபகம். 62. மறுநாள் நீங்கள் போன் எடுத்து அத்தானைக் காணவில்லை என்றீர்கள். அத்தானின் படகு இலக்கமும் 62 என்றுதான் முடியும். ஆனால் 62 என்று முடியும் படகு எத்தனையோ உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்கவில்லை. வாசலில் வாங்கி வைக்கிறார்கள் என்று எழுதியது உண்மை. பின்னேரத்தில் திருப்பித் தருவார்கள் என்பதும் உண்மை.

நாங்கள் தொலைத்ததைக் கள்ளன் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். இன்று அதே மணி அடித்தபோது எனது விரல் தன்பாட்டில் அந்த இடத்துக்குப் போனது. எடுத்துவிட்டேன். முடியும்வரை அடிக்க விட்டேன்.

ஒன்றையும் விடவில்லை.

யூட்சன்

*

முல்லைத்தீவு
06.05.2025

யூட்சனுக்கு,

உன் கடிதம் 29ஆம் திகதி வந்தது. அதற்குப் பிறகு எழுத எனக்குக் கை வரவில்லை.

25ஆம் திகதி விடிய ஆறு பத்துக்கு ஊரே கரையில் போனோடு நின்றது. புள்ளி வரவில்லை. மற்றப் பதின்மூன்றும் வரவில்லை. ஆனாலும் ஒருத்தரும் உடனே போகவில்லை. நிற்கும் நேரத்துக்கு நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

3ஆம் திகதி சுவாமியோடு இரண்டு படகில் நீ எழுதிய இடத்துக்குப் போனோம். போகும்போது படகோட்டி கோயிலுக்கு நேரே எஞ்சினைத் தணித்தார். நான் இரண்டு தரம் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடம் மற்ற இடம் மாதிரித்தான் இருந்தது. பூப்போட்டோம். கம்சா "அப்பா இஞ்சயோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். முதல் தரமாக அவளுக்குச் சரியான பதில் சொன்னேன்.

நேற்றுப் பூசை வைத்தோம். உனக்குச் சொல்லவில்லை.

சத்தியக் கடதாசி இதோடு இருக்கிறது. சமாதான நீதவான் சிவலட்சுமி ரீச்சர்தான் எழுதினா. நீ இரண்டு பந்தி கேட்டாய். மூன்று இருக்கிறது. மூன்றாவதில், என் கணவர் 3.47 தொடக்கம் 4.28 வரை உதவி கேட்டார் என்றும், அந்த நேரம் கடமையில் இருந்த அலுவலர் யூட்சன் அந்த மணியை அடக்கினார் என்றும், இதை அவரே எனக்கு எழுதித் தெரிவித்தார் என்றும் சொல்லியிருக்கிறேன்.

"பிள்ளை, இதுவும் வேணுமோ? தம்பியெல்லோ" என்றா ரீச்சர்.

"எழுதுங்கோ ரீச்சர். அவர் எப்பிடிச் செத்தவர் எண்டு எழுதாமல், செத்தவர் எண்டு மட்டும் எழுதி என்னட்டை ஒப்பம் வாங்கேலாது" என்றேன்.

இதற்குப் பிரதி எடுக்கவில்லை. இது ஒன்றுதான். நிரோஜனை விடுவிக்க இது வேண்டும் என்று நீதான் சொன்னாய். கொடுப்பதும் கிழிப்பதும் உன் கையில். டிலுசா இன்று காலையும் வந்து கேட்டாள். தம்பிக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன்.

யூலிற்றா

*

கொழும்பு
14.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் கம்சாவும் சுகமாக இருக்கவேண்டும். என்னைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சுகமாகத்தான் இருக்கிறேன்.

கடதாசி வந்த அன்றே மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, வாசிக்கச் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டார். மூன்றாவது பந்தி வந்ததும் கதவைச் சாத்தினார். "இதை எடுத்துவிட்டு வேறு ஒன்று எழுதி வாங்கலாமா?" என்று கேட்டார். உங்களைத் தெரியாது அவருக்கு. முடியாது என்றேன்.

நேற்று இரண்டு நாட்டு ஆட்களும் ஒரே மேசையில் இருந்தார்கள். பாதை வரைபடத்தைப் போட்டுக் காட்டினேன். பதினான்கு படகுகள், வெறுங்கடல், பதினான்கு அரை வட்டம். அதற்கு முப்பத்தைந்து மைல் தெற்கே கோயில். இரண்டு பக்கமும் கப்பல்களைப் பின்னுக்கு எடுக்கச் சம்மதித்தார்கள். நிரோஜன் வெள்ளிக்கிழமை வருவான். டிலுசாவிடம் சொல்லுங்கள். செய்தவன் எவன் என்று இன்னும் தெரியாது. தெரியவரும் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கடதாசியை எங்கள் பக்கத்தில் இரண்டு பந்தியோடு மொழிபெயர்த்து நிறுத்திவிட்டார்கள். மூலத்தை மேசையில் வைத்தது நான். அக்கரை அதிகாரி ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் அதை எடுத்து, விரலை வரிவரியாக வைத்து, கடைசிவரை வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் இருந்த எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இதில் யூட்சன்னு ஒருத்தர் பேர் இருக்கே. அவர் யாருங்க?" என்றார்.

எழுந்து நின்று, நான்தான் என்றேன்.

தம்பி யூட்சன்